பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்

போன மாதக் கடைசியில் ஒரு அறிக்கையோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் வலிகாமப் பக்கம் சின்ன வெங்காயம் செய்கிற குடும்பங்களின் விபரம். ஆருக்கு எவ்வளவு காணி, கிழமைக்கு எத்தனை தரம் இறைப்பு, விதை வெங்காயத்துக்கு எவ்வளவு கடன் என்று தோட்டம் தோட்டமாகப் போய்வந்த பெடியள் நிரப்பிய படிவங்கள் மேசையில் ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தன. கேட்டவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், காணியை நாங்கள் பரப்பு என்று அளக்கிற கணக்கு அவர்களுக்கு விளங்காது, எல்லாவற்றையும் ஏக்கருக்கு மாற்றி ஆங்கிலத்தில் கொடுக்கவேண்டும். படிவங்களைப் போனில் படம் எடுத்து ஏஐக்குக் கொடுத்தேன். பிளேன்ரீ ஆறுவதற்குள் அட்டவணை வந்துவிட்டது, கீழே இரண்டு பந்தி விளக்கத்தோடு. நாலு தரம் வாசித்தேன். ஒரு சொல்லை மாற்றினேன், ஒரு காற்புள்ளியை எடுத்தேன், அச்செடுத்தேன்.

இரவு அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைச் சும்மா எடுத்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் பெரிதாக ஓடாது, இலக்கம் ஓடும். சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மொத்தக் கடையில் முப்பது வருசத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"பிள்ளை, இதென்ன, நாலு பரப்பு ஒரு ஏக்கர் எண்டு கிடக்கு? பதினாறு பரப்பு எல்லோ ஏக்கர்?"

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இதை ஆராவது சொல்லித்தரவேண்டுமா? கல்யாணப் பேச்சில் பரப்பு, சீதன உறுதியில் பரப்பு, வேலிச் சண்டையில் பரப்பு. எங்கள் வளவு நாலரைப் பரப்பு, அது ஒரு ஏக்கருக்கு மேல் என்று ஆராவது சொன்னால் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இல்லை என்று சொல்லுவேன். ஆனால் பத்துப் பரப்புத் தோட்டக்காரர் ஒருவருக்கு இரண்டரை ஏக்கர் என்று போட்ட தாளை நான் நாலு தரம் வாசித்திருக்கிறேன். உள்ளபடி பார்த்தால் அவருக்கு முக்கால் ஏக்கர்கூட இல்லை. காணி கூடுதலாக இருக்கிறவர் என்று அவருடைய பெயர் உதவிப் பட்டியலில் இருந்து விழுந்திருக்கலாம். அதை நினைக்க இப்பவும் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது.

ஏஐ பிழை விட்டதில் எனக்கு அதிர்ச்சி இல்லை, அது பிழை விடும் என்று பாவிக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரியாத விசயத்தில் ஏமாந்திருந்தாலும் மனம் ஆறியிருக்கும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று கண்ணுக்கு முன்னால் பிழையாகக் கிடந்தும் படவில்லையே, அதுதான் அன்று இரவு நித்திரை கொள்ள விடவில்லை. வாசிக்கும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வசனம் ஓடுகிறதா என்று பார்த்திருக்கிறேன். ஓடியது. வடிவாக ஓடியது. வசனம் அவ்வளவு வடிவாக ஓடும்போது கணக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் தானாக எடுத்துக்கொண்டுவிட்டது. அதே படிவங்களை நானே கூட்டிப் பெருக்கி எழுதியிருந்தால் முதலாவது வரியிலேயே நின்றிருப்பேன்.

2025 இல் மைக்ரோசொஃப்டின் ஆய்வுப் பிரிவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வேலையில் இந்தக் கருவிகளைப் பாவிக்கிற 319 பேரிடம் விசாரித்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கருவியில் நம்பிக்கை கூடியவர்கள் விடையைத் தட்டிப் பார்ப்பது குறைவு, தன் வேலையில் தனக்கே நம்பிக்கை உள்ளவர்கள் கூடுதலாகத் தட்டிப் பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். நான் அதை வாசித்தது பரப்புக் கணக்கு நடந்து இரண்டு நாளைக்குப் பிறகு. என்னைப் பற்றி ஆரோ கோள் சொல்லிவிட்டதுபோல இருந்தது.

அப்புறம் தேடத் தொடங்கினேன். எல்லாரும் சொல்லுகிற அந்த அமெரிக்க எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வையும் பார்த்தேன். 2025 யூனில் வெளியானது. 54 பேருக்குத் தலையில் மூளை அலை பதிகிற தொப்பியைப் போட்டுக் கட்டுரை எழுதவிட்டார்கள், ஒரு பகுதியினருக்குச் சாட்ஜிபிடி, ஒரு பகுதியினருக்குக் கூகிள் போலத் தேடுகிற வசதி, மிச்சப் பேருக்கு ஒன்றும் இல்லை, சொந்தத் தலைதான். சாட்ஜிபிடி பிடித்தவர்களின் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்புதான் ஆகக் குறைவாக இருந்தது. எழுதி முடித்த கையோடு, உங்கள் கட்டுரையில் இருந்து ஒரு வசனம் சொல்லுங்கள் என்று கேட்டால் அவர்களில் பெரும்பாலானோருக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. 54 பேர் என்பது சின்னத் தொகை, மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்க முதலே வெளியே விட்டதும்கூட, ஆகவே ஏஐ மூளையை உருக்குகிறது என்று தலைப்புப் போட்டுப் பரப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எனக்குப் பிடித்தது அதன் கடைசிப் பகுதி. கொஞ்ச நாள் தாங்களாகவே எழுதிப் பழகியவர்களிடம் பிறகு கருவியைக் கொடுத்தபோது அவர்களுடைய மூளை படுக்கவில்லை, நன்றாகவே வேலை செய்தது. தலை முதல், கருவி பிறகு. இந்த ஒழுங்கை நான் தலைகீழாக்கி வைத்திருந்தேன்.

போலந்துச் செய்தி இன்னும் கனமானது. பெருங்குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கிற வைத்தியர்கள், ஒவ்வொருவரும் 2000க்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்தவர்கள். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சின்னக் கட்டிகளைக் காட்டித்தர அவர்களுக்கு ஏஐ கொடுத்தார்கள். சில மாதம் போன பிறகு, ஏஐ இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், முன்பு 28.4 வீதமான பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடித்தவர்கள் இப்போது 22.4 வீதத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஏஐதான் முழுக் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கை தேர்ந்தவர்களுக்கே கண் இப்படி மங்கலாம் என்றால், மொழிபெயர்ப்பு வேலை செய்கிற நான் பதினாறு பரப்பை விட்டுவிட்டது ஒன்றும் அதிசயம் இல்லை.

இதற்காக ஏஐயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுகிற வேலையை நாங்கள் எப்பவோ இயந்திரத்திடம் விட்டுவிட்டோம், அதனால் ஒருவருக்கும் அறிவு மழுங்கவில்லை. பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்துவது, நாற்பது பக்கக் கூட்டக் குறிப்பில் திகதிகளைப் பொறுக்குவது, இவற்றைக் கையால் செய்து நான் ஆரும் மெச்சுகிற ஆளாக வரப்போவதில்லை. என் தொழிலின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தில் நான் முழித்திருக்கவேண்டும். எனக்கு அது சொல்லும் கணக்கும். உங்களுக்கு வேறாக இருக்கும்.

ஏஐ வந்து ஞாபகசக்தி போய்விட்டது என்று புலம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வருசப்பிறப்பு நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று, ஒவ்வொரு சித்திரைக்கும் இது ஒரு கதை. அந்த வாக்கியம் என்ற சொல் வந்த வழி எனக்கு நெடுநாளாகத் தெரியாது. சந்திரன் நிற்கும் இடங்களை எழுத்துக்குள் எண்ணாக ஒளித்து 248 வாக்கியங்களாகக் கட்டி மனப்பாடம் செய்திருக்கிறார்கள், அதுதான் வாக்கியம். 1825 இல் ஜோன் வாரன் என்ற வெள்ளைக்காரர், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோகிகளை அடுக்கி, ஏட்டைப் பார்க்காமல், மனதில் இருந்த அட்டவணைகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பார்த்து எழுதிவைத்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான், முடியும் நேரத்தில் 52 நிமிடம் வரை போய்விட்டது. ஆனால் அந்த மனிதருக்கு ஏன் அப்படிக் கணிக்கிறோம் என்ற தத்துவம் ஒன்றும் தெரியாது என்றும் வாரன் குறித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு, அந்த ஞாபகத்தில் பத்தில் ஒன்று எனக்கு வராது. ஆனாலும் ஞாபகம் மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். பரப்புக் கணக்கு எனக்கு மறந்தா போயிருந்தது? இல்லையே. அது தலைக்குள் பத்திரமாக இருந்தது, எடுத்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குச் சரியான சொல் அவதானம் என்று நினைக்கிறேன். பருத்தித்துறைப் பக்கம் மேலைப்புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளையைச் சதாவதானி என்பார்கள், சென்னையில் திரு.வி.க.வுக்குத் தமிழ் படிப்பித்தவர், 1907 இல் காலமானார். முதுகில் விழுகிற கற்களை எண்ணிக்கொண்டு, மணி எத்தனை தரம் அடித்தது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு, கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் பாடுவது அவதானிகளின் கலை. நூறு இடத்தில் கவனம் வைத்தால் சதாவதானம். இந்தியாவில் இந்தச் சொல் மேடையோடு நின்றுவிட்டதோ என்னவோ, எங்கள் நாட்டில் றோட்டுத் திருத்துகிற இடத்தில்கூட அவதானம் என்று பலகை வைப்பார்கள். நூறு எனக்கு வேண்டாம். வாசிக்கிற ஒரு தாளில் ஒரு அவதானம் இருந்தால் போதும்.

இப்ப வீட்டுக்கு வருவோம். மகன் ஏ/எல், பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான், கணிதப் பிரிவு. ரியூசனில் கொடுத்த கணக்கைப் படம் எடுத்துப் போட்டால் படிமுறையோடு விடை வருகிறது, அதைக் கொப்பியில் வடிவாக எழுதுகிறான். ஒருநாள் இரண்டு கப்பி போட்ட ஒரு கணக்கு. "விளங்கீட்டுது அம்மா" என்றான். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே விளங்கியதாகத்தான் நினைத்தான். அடுத்த நாள் அதே கணக்கில் திணிவுகளை மட்டும் மாற்றி வெறுந்தாளில் கொடுத்தேன். கப்பியைக் கீறினான், கயிற்றைக் கீறினான், இழுவைக்கு ஒரு எழுத்துப் போட்டான், அதோடு பேனை நின்றுவிட்டது. அவனுடைய முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

துருக்கியில் இதையே ஏறக்குறைய ஆயிரம் உயர்தரப் பள்ளி மாணவர்களை வைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள், செய்தவர்கள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். சாதாரண சாட்ஜிபிடி போன்ற ஒன்றைக் கொடுத்த பிள்ளைகள் பயிற்சிக் கணக்கில் 48 வீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு அதைப் பறித்துவிட்டுப் பரீட்சை வைத்தால், ஒருநாளும் அதைத் தொடாத பிள்ளைகளைவிட 17 வீதம் குறைவு. ஆனால் இன்னொரு பகுதியினருக்கு, ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்த குறிப்புகளை வைத்து, விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் சொல்லுகிற மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் வரவில்லை. இதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஏசவில்லை, போனைப் பறிக்கவில்லை. பரீட்சை மண்டபத்துக்குள் போன் வராது என்பது அவனுக்கும் தெரியும். ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: இருபது நிமிடம் தனிய மல்லுக்கட்டுவது, எந்த வரியில் நின்றுபோனது என்று ஒரு வசனம் எழுதுவது, அந்த வசனத்தை ஏஐக்குக் கொடுத்து அடுத்த ஒரு அடியை மட்டும் கேட்பது. முதல் கிழமை சரியான சினம். நேரம் போகுது அம்மா, மற்றவங்கள் எல்லாம் பத்துக் கணக்கு முடிச்சிட்டாங்கள் என்று ஒரே புறுபுறுப்பு. இப்ப அந்த "எங்கே நின்றது" வசனத்தை எழுதிக்கொண்டு இருக்கும்போதே பாதிக் கணக்குகளில் வழி பிடிபட்டுவிடுகிறது என்கிறான். சில நாளில் போனை எடுப்பதே இல்லை. எல்லா நாளும் அப்படி இல்லை, ஏமாற்றுகிற நாளும் இருக்கிறது, அது எனக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு சி.ஆர் கொப்பி, தடித்த மட்டை போட்டது, வாங்கிக்கொண்டேன். ஏஐயிடம் எதைக் கேட்கவும் முன்னால் என் விடையை அதில் நாலு வரி எழுதுவது. பிழையானாலும் பரவாயில்லை, எழுதவேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் சிக்கலான பந்தியை முதலில் நானே செய்வது, பிறகு கருவியையும் செய்யவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் எனக்கு வேலை. சில இடத்தில் கருவி தமிழ்நாட்டு வழக்கில் எங்கள் பிரதேச செயலகத்தை வட்டாட்சியர் அலுவலகம் ஆக்கும், பரீட்சையைப் பொதுத்தேர்வு ஆக்கும், அதை நான் திருத்துவேன். சில இடத்தில் பிழை என்னுடையது. போன கிழமை ஒரு ஒப்பந்தத்தில் ஒரு "அல்லாத" என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன், பொருளே தலைகீழாகியிருக்கும், கருவியின் பிரதியைப் பார்த்த பிறகுதான் கண்டேன். அப்படிக் கண்டபோது வந்த சந்தோசம் முன்பு வந்ததே இல்லை, இரண்டு பேர் இருந்து வேலை செய்வதுபோல.

இன்னொன்று. நீளமான அறிக்கை ஒன்றை வாசித்து முடித்ததும் சுருக்கம் கேட்பதை நிறுத்திவிட்டேன். அறிக்கையை மூடிவைத்துவிட்டு, இதில் இருந்து என்னிடம் பத்துக் கேள்வி கேள் என்று ஏஐயிடம் சொல்கிறேன். ஆறுக்குத்தான் விடை சொல்ல வரும். மிச்சம் நாலுக்கும் திரும்பப் போய்ப் பார்ப்பது. திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, மூடிவைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்த்தவர்களுக்கு ஒரு கிழமைக்குப் பிறகும் கூடுதலாக மனதில் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006 இலேயே காட்டியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நிற்பார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான் நாங்கள் விளங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம்.

இவ்வளவும் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு இடத்தில் வழுக்கினேன், அதையும் சொல்லவேண்டும்.

பெரியப்பா காலமாகி முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும் என்று பெரியம்மா கேட்டார். வெளியூர்க்காரருக்கு: கல்வெட்டு என்றால் இங்கே கல் இல்லை, இறந்தவரின் வாழ்க்கை வரலாறும் தேவாரங்களும் போட்டு அந்தியேட்டி அன்று கொடுக்கிற சின்னப் புத்தகம். "நீ எழுதிற பிள்ளைதானே, நீயே எழுதித் தா" என்றார். எனக்கு அன்று சரியான களைப்பு. பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், தபால் கந்தோரில் வேலை, பிள்ளைகள் பெயர், இவ்வளவையும் கொடுத்து ஏஐயிடம் எழுதுவித்தேன். தன்னலமற்ற சேவையாளர், பண்பின் உறைவிடம், உற்றார் உறவினர் போற்ற வாழ்ந்த உத்தமர். ஒரு பிழை இல்லை. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆறுதலாக வாசித்தார், தாளை மடித்தார்.

"வடிவாத்தான் கிடக்கு பிள்ளை. இது ஆரைப் பற்றி?"

குத்திக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நான் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று இரவு சி.ஆர் கொப்பியோடு முற்றத்தில் இருந்து பெரியப்பாவை யோசித்தேன். முதல் அரை மணித்தியாலம் எனக்கும் உத்தமரும் பண்பாளரும்தான் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. பிறகு சைக்கிள் மணிச் சத்தம் ஞாபகம் வந்தது. படலையைத் திறக்காமல் வேலிக்கு மேலால் கடிதம் நீட்டுகிற கை. 1995 ஒக்டோபர் 30 இல் சண்டையால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, எந்த வீட்டு ஆட்கள் சாவகச்சேரியில் எந்தப் பள்ளிக்கூடத்தில், ஆருடைய மாட்டுக்கொட்டிலில், எந்த மரத்துக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அவர் ஒரு கடதாசியும் இல்லாமல் தலைக்குள் வைத்திருந்தார். வெளிநாட்டில் இருந்து வந்த கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு கொடிகாமம் வரை உழக்கிப் போய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்த கதையை எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார். ஏன் குடிக்கவில்லை என்றால், அந்த வீட்டில் சீனி இல்லை என்பதை அடுப்படியைப் பார்த்தே கண்டுகொண்டாராம், தனக்காகப் பக்கத்து வீட்டில் கடன் கேட்க ஆள் போனதையும் கண்டாராம். இதெல்லாம் நான் ஏஐக்குக் கொடுத்த விபரத்தில் இருக்கவில்லை. இவற்றைத் தேடி நான் போகவே இல்லை, பிறகு எப்படி அதற்குத் தெரியும்?

எழுதி முடிக்கச் சாமம் தாண்டிவிட்டது. எழுத்துப் பிழை பார்க்க மட்டும் ஏஐயிடம் கொடுத்தேன், மூன்று இடத்தில் ஒற்று விட்டிருந்தேன், காட்டித் தந்தது.

காலையில் பெரியம்மா விறாந்தையில் இருந்து சத்தமாக வாசித்தார். சீனிக் கதையில் ஒருதரம் நிறுத்தி வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு முதலாம் பக்கத்துக்குத் திரும்பி வந்து, றலி சைக்கிள் என்று நான் எழுதிய வரியில் விரலை வைத்தார்.

"றலி இல்லைப் பிள்ளை, ஹம்பர். றலி உன்ர கொப்பற்ற. உவர் ஹம்பரைத் தவிர வேற ஒண்டிலயும் ஏறமாட்டார்."

பேனை எடுத்து வெட்டித் திருத்தினேன். "இன்னும் கிடக்கு, எழுதிக்கொள்" என்றார், கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு.